நோய் தின்றது எவ்வளவு?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், மிளகாய் போட்ட அக்கா ஒருவர் நட்டக் கணக்கு சொன்னார். "இலை சுருண்டு பாதிக் காய் போச்சு, அவ்வளவுதான் நட்டம்." மருந்து வாங்கின காசு? அது வேற செலவாம். மருந்து கலக்கக் குடம் குடமாகத் தண்ணி சுமந்தீங்களே, அந்தக் கூலி? சிரித்துவிட்டார்.

இப்படி விட்டுப்போகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒயின் திராட்சை பெரிய வெள்ளாமை. (ஒயின் என்றதும் முகம் சுளிக்காதீங்க, நான் பேச வந்தது கொடியைப் பற்றி.) அங்கே 'பியர்ஸ் நோய்' என்று ஒன்று உண்டு. கொடிக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் பாக்டீரியா கிருமி பெருகி அடைத்துக்கொள்ளும். இலை ஓரம் தீய்ந்தது போலக் காயும். சில வருஷத்தில் கொடியே பட்டுப்போகும். குணப்படுத்த மருந்து கிடையாது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிதான் இதைக் கொடிக்குக் கொடி பரப்புகிறது. 1990-களின் கடைசியில், தூரமாய்ப் பறக்கும் ஒருவகைத் தத்துப்பூச்சி வந்து டெமக்குலா என்ற பகுதியின் தோட்டங்களை நாசம் செய்தது. செத்த கொடியைப் பிடுங்கிப் புதுசு நட்டால், பலன் வர ஏறக்குறைய மூன்று வருஷம். அதுவரை செலவு உண்டு, வரவு இல்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். இந்த ஒரு நோயால் வருஷத்துக்குச் சுமார் 10 கோடியே 40 லட்சம் டாலர் செலவு. அதில் விளைச்சல் இழப்பும் கொடி மாற்றுவதும் 5 கோடியே 60 லட்சம். மீதி 4 கோடியே 80 லட்சம், நோய் பரவாமல் தடுக்க அரசும் நாற்றுப்பண்ணைகளும் பல்கலைக்கழகமும் செய்தது. நாற்றைச் சோதிப்பது, பூச்சியைத் தேடுவது, ஆராய்ச்சி எல்லாம் இதில் அடக்கம். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, பாருங்கள்! காய்ந்த கொடியை மட்டும் எண்ணியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஒயின் திராட்சை விவசாயிகள் 2001 முதல் நம்ம சந்தா மாதிரி ஒரு பணமும் கட்டி வந்திருக்கிறார்கள். விற்கிற திராட்சையில் 1000 டாலருக்கு அதிகபட்சம் 3 டாலர். அது ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது. சில வருஷத்துக்கு ஒருமுறை அவர்களே ஓட்டுப் போட்டு அதை நீட்டித்தும் வந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்ன அன்றைக்கே அந்த அக்கா நோட்டில் மூன்று வரி புதுசாக ஏறியது: மருந்து, ஸ்பிரேயர் வாடகை, தண்ணி சுமந்த கூலி. கடைசி வரிக்கு எவ்வளவு போடுவது என்று குழுவில் இன்னும் பேச்சு ஓடுகிறது. ஆம்பளைக் கூலியா, பொம்பளைக் கூலியா என்று.