அடகுபோன 47 டன் தங்கம்... அச்சடிக்கும் பணத்துக்குப் பூட்டு! - திருச்சியில் படித்த சி.ரங்கராஜனின் கதை

அவசரத்துக்கு நகையை அடகு வைப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரி பில் கட்ட வேண்டும் என்றால், பீரோவைத் திறந்து வளையலை எடுத்துக்கொண்டு போகிறோம். ஒரு நாடே அப்படிச் செய்தால்?

1991 ஜூலையில் இந்தியா அதைத்தான் செய்தது. ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கம் விமானத்தில் ஏறி லண்டன் போனது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து, பேங்க் ஆஃப் ஜப்பான் என இரண்டு மத்திய வங்கிகளிடம் அதைக் காட்டி, சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கினோம்.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. அரசு நினைத்தபோதெல்லாம் பணம் அச்சடித்துச் செலவு செய்யும் வழக்கத்துக்கு முடிவு கட்டிய ஒப்பந்தம் அது. தங்கம் அடகுபோனபோது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராகவும், ஒப்பந்தம் கையெழுத்தானபோது கவர்னராகவும் இருந்தவர் ஒருவரே. அவர், திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்த சி.ரங்கராஜன்.

அரியலூரிலிருந்து அமெரிக்கா வரை

1932 ஜனவரி 5-ம் தேதி அரியலூரில் பிறந்தவர் ரங்கராஜன். அன்றைக்கு அரியலூர், திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ரயிலில் வந்தால் லால்குடி தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்து ஸ்ரீரங்கம். அங்கிருந்து காவிரியைக் கடந்தால் திருச்சி. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்கு வந்து சேரும் ஊர் அது.

திருச்சியில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனவர், பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1964-ல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கிவிடவில்லை. இந்தியா திரும்பி, அகமதாபாத் ஐ.ஐ.எம்-மில் பத்தாண்டுகளுக்கும் மேல் பேராசிரியராக இருந்தார். 1982-ல் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர் ஆனபோது அவருக்கு வயது 50. ஐ.ஏ.எஸ் அதிகாரியாக இருந்து வந்தவர் அல்ல, வகுப்பறையிலிருந்து வந்தவர்.

கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகுமா?

இன்று டீக்கடையில் க்யூ.ஆர் கோடு ஸ்கேன் செய்து 15 ரூபாய் அனுப்புகிறோம். 1980-களின் தொடக்கத்தில் வங்கிகளில் எல்லாமே பேரேடுதான். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் அஞ்சின.

அந்தச் சூழலில் வங்கிகளைக் கணினிமயமாக்குவது குறித்து ஆராய இரண்டு குழுக்கள் அமைக்கப்பட்டன. இரண்டுக்குமே தலைவர் ரங்கராஜன். 1984-ல் ஓர் அறிக்கை, 1989-ல் இன்னோர் அறிக்கை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லாமல், படிப்படியாகக் கொண்டுவரும் வழியை அவை காட்டின. யு.பி.ஐ வந்தது 2016-ல். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே அடித்தளம் போடத் தொடங்கிவிட்டார்கள்.

கையிருப்பு இரண்டு வாரத்துக்குத்தான்!

1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. கச்சா எண்ணெய் விலை எகிறியது. குவைத்தில் வேலை பார்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானம் விமானமாக ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த பணம் நின்றது. இந்திய வங்கிகளில் டெபாசிட் வைத்திருந்த வெளிநாடுவாழ் இந்தியர்கள், பயந்துபோய் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள்.

ஆனால், வளைகுடாப் போர் கடைசி அடி மட்டுமே. 1980-கள் முழுக்க வரவுக்கு மீறிச் செலவு செய்து, கடன் வாங்கியே காலம் ஓட்டியதுதான் உண்மையான நோய். 1991 ஜூனில் நம்மிடம் இருந்த அந்நியச் செலாவணி, ஏறக்குறைய இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. பன்னாட்டு நாணய நிதியமான ஐ.எம்.எஃப்-பிடம் ஜனவரியிலேயே கடன் வாங்கியும் போதவில்லை.

எஸ்.வெங்கிடரமணன் அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர். ரங்கராஜன் துணை கவர்னர். பிரதமர் நரசிம்ம ராவ், நிதியமைச்சர் மன்மோகன் சிங் இருவரும் பதவிக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன.

காலை 9.30-க்குள் முடிந்துவிட்டது

ரூபாயின் மதிப்பைக் குறைப்பது என்று முடிவானது. அதை இரண்டு தவணைகளாகச் செய்யத் திட்டம். அதற்கு 'ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்' என்று ரகசியப் பெயரும் வைத்திருந்தார்கள். ஜூலை 1-ல் முதல் தவணை. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத அரசு. எதிர்ப்பு கிளம்பியதும் பிரதமர் தயங்கினார். இரண்டாவது தவணையை நிறுத்தச் சொல்லி ஜூலை 3 காலை மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கிக்கு போன் செய்தார்.

போனை எடுத்த ரங்கராஜன் சொன்ன பதில், 9.30 மணிக்கே அறிவித்தாகிவிட்டது என்பதுதான். இரண்டு தவணைகளிலும் சேர்த்து, டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பு 18 முதல் 19 சதவிகிதம் வரை குறைந்தது. தங்கத்தைக் காட்டி வாங்கிய கடனை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அடைத்துவிட்டார்கள்.

அடகு நகையை மீட்டாயிற்று, சரி. மீண்டும் அடகுக் கடைக்குப் போகாமல் இருப்பது எப்படி? அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய நாற்காலிக்கு, 1992 டிசம்பர் 22 அன்று ரங்கராஜன் வந்தார். ரிசர்வ் வங்கியின் கவர்னர் ஆனார்.

வெள்ளிக்கிழமை கணக்கு

மளிகைக்கடையில் மாதக் கணக்கு நோட்டு வைத்திருப்போம். ஒவ்வொரு முறையும் 'எழுதிக்குங்க' என்று சொல்லிவிட்டு வருவோம். மாதம் பிறந்தால் அடைத்தாக வேண்டும். அடைக்காமல் எழுதிக்கொண்டே போனால், ஒருநாள் கடைக்காரர் நோட்டை மூடிவிடுவார்.

மத்திய அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையே 1955-லிருந்து அப்படி ஒரு நோட்டு இருந்தது. பெயர், 'அட்ஹாக் டிரஷரி பில்'. அரசின் கணக்கில் வெள்ளிக்கிழமை இருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், ரிசர்வ் வங்கி தானாகவே இந்த பில்லை வாங்கிக்கொண்டு கணக்கை நிரப்பிவிடும். கேள்வி கிடையாது, உச்சவரம்பும் கிடையாது. 1974-லிருந்து வட்டி வெறும் 4.6 சதவிகிதம்.

தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது, நாளடைவில் நிரந்தரமாகிவிட்டது. மளிகைக்கடைக்காரருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடைக்காரர் பணம் அச்சடிக்க முடியாது. ரிசர்வ் வங்கியால் முடியும். அரசின் பற்றாக்குறை அப்படியே புதுப் பணமாக மாறிச் சந்தைக்கு வந்தது. பொருள் அதிகமாகாமல் பணம் மட்டும் அதிகமானால் விலை ஏறும். 1991 ஆகஸ்ட்டில் மொத்த விலைப் பணவீக்கம் 17 சதவிகிதத்தை நெருங்கியது.

இதில் அடிபடுவது யார்? ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ, ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியை வைத்துக் குடும்பம் நடத்தும் ஓய்வுபெற்றவரை நினைத்துப் பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 10 சதவிகிதம் ஏறினால், ஏழே கால் ஆண்டுகளில் 100 ரூபாய் நோட்டின் வாங்கும் சக்தி 50 ரூபாயாகிவிடும். நோட்டில் 100 என்றே போட்டிருக்கும். யாரும் பையில் கைவிட்டுத் திருடியிருக்க மாட்டார்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு வட்டியும் இல்லை, பஞ்சப்படியும் இல்லை.

போட்டார் பூட்டு

1993 செப்டம்பரில் எம்.ஜி.குட்டி நினைவுச் சொற்பொழிவில், மத்திய வங்கியின் தன்னாட்சி பற்றி ரங்கராஜன் வெளிப்படையாகப் பேசினார். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு ரிசர்வ் வங்கியுடையது. ஆனால், பணம் எவ்வளவு அச்சாகும் என்று முடிவு செய்வது அரசின் பற்றாக்குறை. இந்த முரண்பாடுதான் அவர் பேச்சின் மையம்.

சரியாக ஓராண்டில் பலன் கிடைத்தது. 1994 செப்டம்பர் 9 அன்று, மத்திய அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலாண்டு முடிவில் அட்ஹாக் பில் 6,000 கோடி ரூபாயைத் தாண்டக் கூடாது; இடையில் தொடர்ந்து 10 வேலை நாள்களுக்கு மேல் 9,000 கோடியைத் தாண்டி நின்றால், ரிசர்வ் வங்கி அந்த பில்களைச் சந்தையில் விற்றுவிடும். மூன்றே ஆண்டுகளில் இந்த முறை முற்றிலும் ஒழியும்.

மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது கையெழுத்தான ஒப்பந்தம், ப.சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. நடுவில் ஆட்சியே மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. 1997 ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் பில் இல்லை. அதற்குப் பதில் கைமாற்று மாதிரி ஓர் ஏற்பாடு. 1997-98-ன் முதல் பாதிக்கு 12,000 கோடி, இரண்டாம் பாதிக்கு 8,000 கோடி என்று உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால், அரசும் மற்றவர்களைப் போலச் சந்தைக்குப் போய், சந்தை வட்டிக்குத்தான் கடன் வாங்க வேண்டும்.

சிங்கப்பூர் பணமும் வங்கிக் கணக்கும்

திருச்சியைச் சுற்றியுள்ள எத்தனையோ குடும்பங்களுக்கு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. 1992-ல் அப்படி வந்த பணத்துக்கு இரண்டு விலை. 40 சதவிகிதத்துக்கு அரசு நிர்ணயித்த குறைந்த ரேட், 60 சதவிகிதத்துக்குச் சந்தை ரேட். உண்டியல்காரர்களிடம் போகத் தூண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

ரங்கராஜன் தலைமையிலான குழு, டாலரின் விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று பரிந்துரைத்தது. 1993 மார்ச் 1 முதல் ஒரே ரேட் வந்தது. 1994 ஆகஸ்ட்டில் ஐ.எம்.எஃப் விதிகளின் 8-வது பிரிவை இந்தியா ஏற்றது. வர்த்தகம், பயணம் போன்ற நடப்புக் கணக்குச் செலவுகளுக்கான அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை நீக்குகிறோம் என்ற உறுதிமொழி அது. பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் அனுப்புவது இன்று சுலபமாக இருப்பதன் தொடக்கம் அங்கேதான்.

அதே குழு இன்னோர் எச்சரிக்கையும் செய்திருந்தது. குறுகிய காலத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனை அளவோடு வைத்துக்கொள்ளச் சொன்னது. 1997-ல் தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா எல்லாம் அத்தகைய கடனால் ஆடிப்போனபோது, இந்தியா பெரிய காயமின்றித் தப்பியது.

ஹெச்.டி.எஃப்.சி, ஐ.சி.ஐ.சி.ஐ, இன்று ஆக்ஸிஸ் என்று அழைக்கப்படும் யு.டி.ஐ வங்கி என புதிய தனியார் வங்கிகளுக்குக் கதவு திறந்ததும் இவர் காலத்தில்தான்.

32 ரூபாயில் வாழ முடியுமா?

பாராட்டு மட்டுமே வாங்கியவர் அல்ல ரங்கராஜன். 1995-96-ல் பணப்புழக்கம் இறுகியபோது, வட்டி அதிகம், தொழில் நடத்த முடியவில்லை என்று தொழில்துறையினர் குறைப்பட்டார்கள்.

அதைவிடப் பெரிய சர்ச்சை 2014-ல் வந்தது. வறுமைக்கோட்டை நிர்ணயிக்க அவர் தலைமையில் அமைந்த குழு, கிராமத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், நகரத்தில் 47 ரூபாய் என்று கோடு போட்டது. அதற்குக் கீழே செலவு செய்பவர்களே ஏழைகள். ஒருவேளைச் சாப்பாட்டுக்கே போதாத தொகை என்று கண்டனங்கள் குவிந்தன. முந்தைய டெண்டுல்கர் குழு போட்ட கோட்டைவிட இது உயர்வானது. இதன்படி 2011-12-ல் நாட்டில் சுமார் 36 கோடிப் பேர் ஏழைகள், அதாவது 29.5 சதவிகிதம். டெண்டுல்கர் கணக்கில் இது சுமார் 27 கோடிதான். ஆனாலும், 32 ரூபாய் என்ற எண்தான் மக்கள் மனதில் நின்றது.

அதே ஐ.எம்.எஃப்... வேறு இந்தியா

1997 நவம்பரில் ரிசர்வ் வங்கியிலிருந்து விடைபெற்ற ரங்கராஜன், ஆந்திரப் பிரதேச ஆளுநரானார். 2001-ல் தமிழ்நாட்டின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார், ஓ.பன்னீர்செல்வம் முதன்முறை முதல்வரானபோது பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இவர்தான். 2002-ல் பத்ம விபூஷண் விருது. அடுத்து 12-வது நிதிக்குழுவின் தலைவர் பொறுப்பு. மத்திய வரியில் மாநிலங்களுக்கு 30.5 சதவிகிதப் பங்கு என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. பிறகு பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவர். 90 வயதில், 2022-ல் தன் அனுபவங்களை நூலாகவும் எழுதினார்.

அவர் போட்ட பூட்டுக்கு இன்னொரு பூட்டும் சேர்ந்தது. 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006 ஏப்ரல் முதல், அரசு புதிதாக வெளியிடும் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கக் கூடாது. அரசு இன்றும் கடன் வாங்குகிறது, நிறையவே வாங்குகிறது. ஆனால், எவ்வளவு, என்ன வட்டிக்கு என்பது வெளியே தெரிகிறது. கேள்வி கேட்க முடிகிறது. விலைவாசி முழுதாக அடங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அரசு நினைத்த வெள்ளிக்கிழமையெல்லாம் அச்சு இயந்திரம் ஓடும் நிலை மட்டும் இல்லை.

1991-ல் ஐ.எம்.எஃப் வாசலில் கடனுக்கு நின்ற இந்தியா, அந்தக் கடன் முழுவதையும் 2000-க்குள் அடைத்தது. 2009-ல் அதே ஐ.எம்.எஃப் தன்னிடமிருந்த தங்கத்தில் ஒரு பகுதியை விற்க முன்வந்தபோது, 670 கோடி டாலர் கொடுத்து 200 டன்னை வாங்கியது நம் ரிசர்வ் வங்கி. அடகு வைத்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல்!