வெயிலை மாற்றும் விளையாட்டு

ஸ்கைரிம் கம்ப்யூட்டர் விளையாட்டின் சூரியனையும் நிலவையும் ரசிகர்கள் தம் இஷ்டப்படி திருத்தியமைக்கிறார்கள். எந்த ஒளி சிறந்தது என்ற தேடலில் பலருக்கு விளையாடவே நேரம் கிடைப்பதில்லை.

இரவு பத்து மணிக்கு விளையாட உட்காருகிறார் ரசிகர். ஒரு மணிக்கு எழுந்திருக்கும்போது அவர் ஒரு டிராகனைக்கூடக் கொன்றிருக்கவில்லை. ஒரு குகைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. மூன்று மணி நேரமும் ரிவர்வுட் கிராமத்து ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீரில் மாலை வெயில் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கொஞ்சம் மஞ்சள் தூக்கலாகத் தெரிந்தது. ஃபைல்களை மாற்றினார். இப்போது வானம் வெளுத்துவிட்டது. மறுபடியும் மாற்றினார். வெயில் சரியாயிற்று, ஆனால் மரநிழல் மைபோல அப்பிக்கொண்டது. நாளை வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்' விளையாட்டை மாற்றியமைத்து ஆடுபவர்களிடம் இது அபூர்வமான கதையல்ல. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. பனிமலைகளும் பாழடைந்த கல்லறைகளும் டிராகன்களும் நிறைந்த ஒரு கற்பனை வடநாட்டில், ஆடுபவர் தன் விருப்பம்போல் சுற்றித் திரியலாம். 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-ல் அதன் இயக்குநர் டாட் ஹவர்ட் சொன்னார்.

இத்தனை வருடம் விளையாட்டு தாக்குப்பிடித்ததற்குப் பெதஸ்டா மட்டும் காரணமில்லை. 2012 பிப்ரவரியில் 'கிரியேஷன் கிட்' என்ற கருவியை நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு ரசிகர்கள் புதிய ஊர்கள், உடைகள், கதைகள் என்று சேர்க்கத் தொடங்கினார்கள். 'மாட்' என்று அழைக்கப்படும் இந்தச் சேர்க்கைகளில் எல்லாவற்றையும்விட அதிகம் சர்ச்சைக்குள்ளாவது ஒளிதான். வாளையோ வீட்டையோ மாற்றினால் ஒரு பொருள் மாறும். ஒளியை மாற்றினால் உலகமே மாறிவிடும்.

வழிமறிக்கும் ஃபைல்

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருப்பவர் போரிஸ் வோரன்ட்சோவ் என்ற ரஷ்ய புரோகிராமர். அவர் எழுதிய சாஃப்ட்வேரின் பெயர் 'இஎன்பி சீரிஸ்'. ஸ்கைரிமுக்கு முன்பே, 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியஸ்' விளையாட்டின் முகத்தை மாற்றிப் பெயர் வாங்கியது அது.

அது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. திரையில் எதை வரைய வேண்டுமானாலும் விளையாட்டு விண்டோஸின் 'டைரக்ட்3டி' பகுதியிடம் கட்டளை அனுப்பும். இஎன்பி அதே பெயரில் ஒரு ஃபைலாக, விளையாட்டு இருக்கும் ஃபோல்டரிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. விளையாட்டு தேடும்போது முதலில் அகப்படுவது இதுதான். கட்டளைகளை வாங்கி, தன் கைவரிசையைச் சேர்த்து, அப்புறம்தான் மேலே அனுப்பும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மெல்லிய இருட்டு, காது மடலிலும் இலையிலும் ஊடுருவும் சிவந்த ஒளி, மேகத்தின் இடுக்கில் கீழிறங்கும் கதிர்கள் எல்லாம் இப்படி வருபவைதான்.

இதில் ரேடியோப் பெட்டியின் குமிழ்களைப் போல நூற்றுக்கணக்கான அளவுகள் உண்டு. பிரகாசம், நிறச்செறிவு, மூடுபனியின் அடர்த்தி, விளக்கைச் சுற்றிப் பரவும் ஒளிவட்டம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே திருக வேண்டும். சாதாரண ரசிகருக்கு அதற்குப் பொறுமை கிடையாது. பொறுமையுள்ள சிலர் மாதக்கணக்கில் உட்கார்ந்து திருகி, அந்த அளவுகளை ஒரு தொகுப்பாக இலவசமாக வெளியிடுகிறார்கள். அதுதான் 'ப்ரீசெட்'. ரூடி, சைலன்ட் ஹொரைசன்ஸ், நாட், ரீ-என்கேஜ்ட் என்று இவற்றில் பிரபலமானவையே ஒரு டஜன் தேறும். பழைய 2011 பதிப்பின் காலத்தில் 'ரியல்விஷன்' கொடிகட்டிப் பறந்தது. 2016 அக்டோபரில் 'ஸ்பெஷல் எடிஷன்' வந்தபோது விளையாட்டு டைரக்ட்எக்ஸ் 9-லிருந்து 11-க்கு மாறியது. பழைய ப்ரீசெட்களை அப்படியே எடுத்துப் போட முடியாமல் போயிற்று. வடிவமைப்பாளர்கள் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஆறு பொழுது

ஒரு ப்ரீசெட்டைத் தயாரிப்பது ஏன் இவ்வளவு கடினம்? விளையாட்டுக்குள் ஒரு முழு நாள், நம் கடிகாரத்தில் 72 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒளி பல கோலம் கொள்கிறது. இஎன்பி வெளிப்புறத்து நாளை விடியல், உதயம், பகல், அஸ்தமனம், அந்தி, இரவு என ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு கேட்கிறது. வைகறை முதல் யாமம் வரை ஆறு சிறுபொழுதுகள் வகுத்த தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது. வீடு, குகை போன்ற உட்புறங்களுக்குப் பகலுக்கொன்று, இரவுக்கொன்று என மேலும் இரண்டு.

இது போதாதென்று வானிலை குறுக்கே வருகிறது. மழை, மூடுபனி, பனிப்புயல் எல்லாவற்றிலும் அதே அளவுகள் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும். வானிலையையே மாற்றும் மாட்களும் இருக்கின்றன: 'கதீட்ரல்', 'ஆப்சிடியன்', 'விவிட்' என்று. கதீட்ரலின் மேகங்களை மனதில் வைத்துச் செய்த ப்ரீசெட்டை ஆப்சிடியனின் மேல் போட்டால், நண்பகல் பனி கண்ணைக் குத்தும். அல்லது அந்தி நேரம் சேற்றுநிறமாகும். அதனால்தான் ரூடி ப்ரீசெட் வெவ்வேறு வானிலை மாட்களுக்கென்று தனித்தனிப் பதிப்பாகக் கிடைக்கிறது. நாட் ப்ரீசெட்டோ தன் வானிலையைத் தானே கையோடு கொண்டுவந்துவிடுகிறது. ஏமாந்துபோகும் புதியவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ப்ரீசெட்டைப் பார்த்து மயங்கி எடுத்துவிட்டு, அது எந்த வானத்துக்குச் செய்யப்பட்டது என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

வரன் போட்டோ

மயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ப்ரீசெட்டுடனும் காட்டப்படும் படங்கள் தரகர் கொண்டுவரும் ஸ்டுடியோ போட்டோவைப் போன்றவை. நேரம், கோணம், மேகம் எல்லாம் பார்த்து எடுக்கப்பட்டவை. ஸ்கைரிமைப் படமெடுப்பதே ஒரு தனிக் கலையாகி, 'ஸ்க்ரீன் ஆர்ச்சரி' என்று பெயரும் வாங்கிவிட்டது. அதில் ஈடுபடுபவர்கள் விளையாட்டை நிறுத்தி, கேமராவை மட்டும் தனியே பறக்கவிட்டு, கதாபாத்திரத்துக்கு நிற்கும் விதம் சொல்லிக்கொடுத்து, கம்ப்யூட்டர் விநாடிக்குப் பத்துப் படம் மட்டுமே காட்டித் திணறினாலும் பரவாயில்லை என்று எடுக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கணம்.

விளையாடுபவருக்கு வேண்டியதோ ஓடும், குதிக்கும், வாள் வீசும் ஆயிரக்கணக்கான கணங்கள். பின்னணி மங்கி முகம் மட்டும் துல்லியமாகத் தெரிவது படத்தில் அழகு. சண்டையில் அதுவே வினை. தூரத்தில் வில்லை வளைக்கும் எதிரி மங்கலில் மறைந்துவிடுவான். படத்தில் கவித்துவமாகத் தெரியும் கும்மிருட்டு, ஒயிட்ரன் நகரத்துக்கு வெளியே ராத்திரி நடக்கும்போது எரிச்சலைக் கிளப்பும். பெதஸ்டாவின் மூல இரவு நீலம் பாரித்து, பாதை தெரியும்படி இருந்தது. நிஜமான இருட்டைக் கேட்டு வாங்கியவர்கள், கேட்டது கிடைத்ததும் தீப்பந்தத்தைத் தேடுகிறார்கள். இருட்டில் பந்தம் பிடித்து நடப்பதே சுகம் என்பவர்களும் உண்டு. ஆக, சிறந்த ப்ரீசெட் எது என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர், தான் எப்படி ஆடுகிறார் என்பதைத்தான் சொல்கிறார்.

மானிட்டரும் தன் பங்குக்குக் குழப்பும். ப்ரீசெட் செய்தவரின் திரையில் சாம்பலாகத் தெரிந்த நிழல், இன்னொருவர் திரையில் கருந்துளையாகத் தெரியலாம். ஜன்னல் வெளிச்சத்தில் பகலில் ஆடுபவருக்கும், விளக்கணைத்து ஆடுபவருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

அழகுக்கு விலை

ப்ரீசெட் இலவசம். ஆனால் விலை வேறுவிதத்தில் வசூலாகிறது. திரை விநாடிக்கு 60 படம் காட்ட வேண்டுமானால், ஒரு படத்தை வரைய கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. மூலைநிழலும் பின்னணி மங்கலும் அந்த அவகாசத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கனமான ப்ரீசெட்டைப் போட்டதும் 60 என்பது பாதியாகச் சரிவதும் உண்டு. 1920-க்கு 1080 திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். வேலை நான்கு மடங்கு. முன்னதில் பறக்கும் ப்ரீசெட் பின்னதில் நொண்டும்.

60-ஐத் தாண்டுவதிலும் ஸ்கைரிமில் ஒரு சிக்கல். பொருள்களின் அசைவு படவேகத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வேகம் எகிறினால் மேசைமேல் இருக்கும் தட்டும் கிண்ணமும் பேய் பிடித்தாற்போல் தாமே துள்ளி விழும். அதைத் திருத்தவும் மாட் உண்டு. ஆனால் நடுத்தர லேப்டாப்பில் ஆடுபவருக்கு அந்தப் பேய் தொல்லை வரப்போவதில்லை. அவர் கவலை, நகரத்துக்குள் நுழைந்தால் 25-க்கு இறங்கிவிடுகிறதே என்பதுதான். அப்படிப்பட்டவர்களுக்காகவே பல ப்ரீசெட்கள் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற இலகுவான பதிப்பையும் தருகின்றன. மங்கலை அணைத்து, மூலைநிழலின் தரத்தை ஒரு படி குறைத்தாலே இழந்த வேகத்தில் கணிசமான பகுதி திரும்பிவிடும். அதில் போகும் அழகை ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை.

ஒருவர் கையில் சாவி

இவ்வளவு பெரிய மாளிகையும் ஒரே தூணில் நிற்பதுதான் பலரை உறுத்தும் விஷயம். இஎன்பி இலவசம், ஆனால் அதன் மூல நிரல் ரகசியம். அதை வேறெங்கும் வைத்து விநியோகிக்க வோரன்ட்சோவ் அனுமதிப்பதில்லை. அவருடைய தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ப்ரீசெட்காரர்களின் உழைப்பு, அவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒரு ஃபைலை நம்பியிருக்கிறது. அதே சமயம், வருடக்கணக்கில் காசு கேட்காமல் உழைத்த ஒருவர், தன் படைப்பு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பதில் என்ன தவறு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

யாருக்கு எது சொந்தம் என்ற கேள்வி ஸ்கைரிம் ரசிகர்களுக்குப் புதிதல்ல. 2015 ஏப்ரலில் வால்வ் நிறுவனமும் பெதஸ்டாவும் மாட்களை விலைக்கு விற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தன. எதிர்ப்பு எரிமலையாகக் கிளம்ப, சில நாட்களிலேயே திட்டம் வாபஸ் பெறப்பட்டது.

ஒளி விவகாரத்தில் மாற்று வழி 2023 வாக்கில் சூடுபிடித்தது. 'கம்யூனிட்டி ஷேடர்ஸ்' என்ற இந்த மாட்டின் நிரல் திறந்த புத்தகம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம். ஒரு பொருளின்மேல் இத்தனை விளக்குகளின் ஒளிதான் விழலாம் என்று மூல விளையாட்டில் இருந்த வரம்பை அது உடைத்தது. மழையில் கற்கள் நனைந்து மினுங்குகின்றன. கார்டுக்கும் சுமை குறைவு என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட முடியாது. ஏதாவது ஒரு கட்சியில்தான் சேர வேண்டும். பழைய ப்ரீசெட்டோடு பழகிவிட்ட கண்கள் கட்சி மாறத் தயங்குகின்றன.

தேர்வு செய்யும் முன்

அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வரிசை எளிமையானது. முதலில் வானிலை மாட். அடுத்து வீடு, குகைகளின் விளக்குகளை மாற்றும் மாட். கடைசியில்தான், அந்த இரண்டுக்கும் பொருந்துவதாக அதைச் செய்தவரே சொல்லியிருக்கும் ப்ரீசெட். ஸ்பெஷல் எடிஷனில் '64 பிட் எச்டிஆர் ரெண்டர் டார்கெட்' என்ற வரியை 1 என்று வைத்தாக வேண்டும். மறந்தால் நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியலாம். குற்றம் ப்ரீசெட்டின் மேல் விழும்.

பரிசோதனைக்கு ஐந்து இடங்கள் போதும்: ரிவர்வுட்டில் நண்பகல், ஒயிட்ரனில் நள்ளிரவு, விண்டர்ஹோல்டில் வெயிலடிக்கும் பனி, எங்காவது ஒரு மழை, பிளீக் ஃபால்ஸ் பேரோ கல்லறையின் உட்புறம். காத்திருக்கத் தேவையில்லை. கட்டளைத் திரையில் மணியையும் வானிலையையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஐந்திலும் வழி தெரிந்து, முகம் தெரிந்து, வேகம் குறையாமலிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூலத் தோற்றத்தோடு ஒப்பிட ஷிஃப்ட்டோடு எஃப்12-ஐ அழுத்தினால் இஎன்பி அணையும். அந்தச் சாவியை ஒரு வாரத்துக்குத் தொடாதிருப்பது நல்லது.

நிறுத்துவதுதான் பெரும்பாடு. அடுத்த மாதம் இன்னொரு ப்ரீசெட் வரும். அதன் படங்கள் இன்னும் ஜொலிக்கும். ஆனால் ஏதோ ஒரு ராத்திரி, கையில் பந்தத்தோடு மலையேறும் ரசிகர் பனிப்புயலில் வழி தவறி, ஓநாயின் ஊளை கேட்டுத் திரும்பிப் பார்க்கிறார். உயிர் தப்ப ஓடும் அந்த நேரத்தில், வெயில் மஞ்சளா வெளுப்பா என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அன்றைக்குத்தான் அவருக்குச் சரியான ப்ரீசெட் கிடைத்திருக்கிறது.