தூசி விழுங்கும் ஒளி

வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கடலோரக் கல்லில் இருந்து பார்த்தால், மறையும் சூரியன் ஏன் சிவக்கிறது? தாழ்ந்த சூரியனின் ஒளி காற்றில் நெடுந்தூரம் வருகிறது. வழியில் நீலம் சிதறிவிட, சிவப்பே மிஞ்சுகிறது. விண்மீன் திரள்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே குறுக்கே நிற்பது கரியும் சிலிக்கேட்டும் கொண்ட, பெரும்பாலும் மைக்ரோமீட்டரிலும் சிறிய தூசி. பொதுவாக அலைநீளம் குறையக் குறைய அதன் பிடி இறுகும். ஆகவே அதிகம் அடிபடுவது புறஊதா ஒளி.

புறஊதாவை அள்ளி வீசுபவை புதிதாய்ப் பிறந்த பெரிய விண்மீன்கள். அவை பிறப்பதோ தூசி மேகங்களுக்குள்ளேயே! புறஊதாவை மட்டும் நம்பி எண்ணினால் பல பிறப்புகள் தவறிப்போகும். ஆனால் விழுங்கிய ஆற்றல் வீணாவதில்லை. தூசி சற்றே சூடேறி, அதை அகச்சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. இரண்டையும் கூட்டினால்தான் கணக்கு நேராகும்.

சில கதிர்கள் தப்பியும் வரும். 2015 செப்டெம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கி, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு திரளின் கடும் புறஊதாவைப் பிடித்தது. வானியலாளர் கனக் சாஹா குழுவினர் 2020இல் அதை அறிவித்தனர். அங்கே கடும் புறஊதாவை மறிக்கும் ஹைட்ரஜனும் தூசியும் எங்கோ விலகி வழிவிட்டிருக்க வேண்டும்.