வைரசுத் தொற்றும் சுவாசப்பைக் குருதியமுக்கமும்

கையிற் பட்டி கட்டி அளக்கும் குருதியமுக்கம் சுவாசப்பை நாடிகளின் நிலையைக் காட்டாது. அங்கு ஓய்வின்போது சராசரி அமுக்கம் ஏறத்தாழ 14 மி.மீ. இரசம், 20ஐ விஞ்சின் உயரமுக்கம் எனப்படும்.

வைரசுகளுக்கு இதிலுள்ள பங்கு எச்.ஐ.வி.யில் தெளிவாகின்றது. இலங்கையில் 1987இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட இத்தொற்றுடையோருள் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இந்நோய் ஏற்படலாம் என்பது உலக அனுபவம். வைரசின் புரதங்களும் நீடித்த அழற்சியும் நாடிகளின் உள்வரிக் கலங்களைச் சிதைக்கின்றன. சுவர் தடித்து வழி ஒடுங்க, இதயத்தின் வலப்புறம் சுமை தாங்காது தளர்கின்றது. ஈரலழற்சி வைரசுகள் ஈரலை இறுகச்செய்து, வாயினாள அமுக்கத்தை உயர்த்தி, அவ்வழியாகச் சிலரது சுவாசப்பையையும் பாதிக்கின்றன. கடுமையான கொவிட்-19இல் நுண்குழாய்களில் குருதி உறைதலும் ஒட்சிசன் குறைவும் அமுக்கத்தைக் கூட்டுகின்றன.

வைரசு வர்க்கம் அறியாது. அது பரவும் சூழலோ வர்க்கத்தால் அமைவது. 2020 ஒக்டோபரில் ஊரடங்கிற்குட்பட்ட கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளில் நாட்கூலியாளர் ஒதுங்கியிருக்கத் தனியறை ஏது? தொற்றின்பின் நீடிக்கும் இளைப்பு அவர்களுக்கு வேலைக்களைப்பாகவே தோன்றும். இதய மீயொலிப் பரிசோதனையே சந்தேகத்தை எழுப்பும். வலது இதயத்துட் செலுத்தும் நுண்குழாயே உறுதிசெய்யும். ஒருநாட் கூலியை இழந்தே அவ்வாயிலை அடையவேண்டியிருக்கும்வரை, தாமதமான நோயறிதலைத் தனிமனித அசட்டை என்பது பொருந்தாது.