டர்னர் குறைபாடுள்ள பெண்ணுக்கு ஈ.ஸி.ஜி. எதற்கு?

"பதிமூணு வயசாச்சு, இன்னும் போன வருஷத்துப் பாவாடையே சரியாயிருக்கு. பெரியவளாகவும் இல்லே" என்று கவலைப்படும் தாய்மார்கள் உண்டு. பெரும்பாலும் வெறும் தாமதம்தான். சிலருக்கு மட்டும் காரணம் டர்னர் குறைபாடு. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பாதியாகவோ இல்லாதிருப்பது. ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு இப்படி. 1938-ல் அமெரிக்க டாக்டர் ஹென்றி டர்னர் இதை விவரித்தார். குரோமோசோம் விஷயம் 1959-ல்தான் தெரிந்தது. தாயார் கிரகணத்தில் வெளியே போனதால் வந்ததில்லை, மாமியார்கள் மன்னிக்கட்டும்!

உயரத்தைப் பற்றியே கவலைப்பட்டு இதயத்தை மறந்துவிடுகிறோம். வால்வு, மகாதமனிக் கோளாறுகளை எக்கோவில் பார்ப்பார்கள். ஆனால் எக்கோ சரியாக இருந்தாலும் ஈ.ஸி.ஜி. வேண்டும். அதில் 'க்யூ.டி.' என்றொரு அளவு. ஒரு துடிப்புக்குப் பின் இதயத்தின் கீழறைகள் மின்சார ரீதியில் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் வரை ஆகும் நேரம் அது. நாடி வேகத்துக்கேற்பக் கணக்கிட்டு, பெண்களுக்கு 460 மில்லிசெகண்டைத் தாண்டினால் அதிகம் என்பார்கள். டர்னர் பெண்களிடம் இது நீண்டிருப்பது மற்றவர்களைவிட அதிகம். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கேதான் நம் பொறுப்பு. எரித்ரோமைசின், அஸித்ரோமைசின், வாந்திக்கான ஆன்டன்செட்ரான் போன்றவை க்யூ.டி.யை மேலும் நீட்டக்கூடியவை. காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் டர்னர் என்று முதலில் சொல்லுங்கள். வாந்திபேதியில் பொட்டாசியம் குறைந்தாலும் தொல்லைதான். ஓடும்போது மயங்கி விழுந்தால் "வெயில்" என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

"ஷாக் அடிக்குமா?" என்று குழந்தை கேட்கும். அடிக்காது. அந்தக் கருவி மின்சாரத்தை உடம்புக்குள் செலுத்துவதில்லை, இதயத்திலிருந்து வருவதைப் பதிவு செய்கிறது, அவ்வளவே. பழைய ஈ.ஸி.ஜி. தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்.