முதிர்ந்த நாயும் புதிய பயிற்சியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் பழமையான நடுகல் ஒன்று உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த கல் அது. ஆநிரை கவர்ந்தோருடன் பொருது மாண்ட வீரன் ஒருவனுடன் அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு மொழிகிறது. அம்மன்னனின் மைந்தனாகிய மாமல்லனின் பெயரைத் தாங்கி நிற்கும் மாமல்லபுரக் கடற்கரையிலும், செங்கற்பட்டைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இன்றும் நாயில்லாத தெருவைக் காண்பது அரிது. எனினும் கோவிவன் தொழில் செய்த நாய். இன்றைய நாய்களுட் பல திண்ணையில் படுத்துறங்கி, அயலாரைக் கண்டு குரைப்பதோடு அமைந்துவிடுகின்றன. அத்தகைய நாய் ஒன்றை, அது முதிர்ந்த பின்னர், கடினமான தொழிற்போட்டிக்குப் பழக்க முடியுமா?

போட்டி இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும். தொழில் நாய்களின் திறனை அளந்தறியும் பொருட்டு ஜெர்மனியில் 1901-ஆம் ஆண்டில் ஒரு தேர்வு தோன்றியது. ஷுட்ஸ்ஹுண்ட் என்று பெயர் பெற்ற அத்தேர்வு பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது. தடம் பற்றிச் செல்லுதல், கட்டளைக்குப் பணிதல், காவல் புரிதல் என அது மூன்று பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதிக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 70 பெற்றாலன்றித் தேர்ச்சி இல்லை. மேல்நிலைத் தேர்வில் அயலார் ஒருவர் வயல்வெளியில் ஏறத்தாழ 600 அடிகள் எடுத்து வைத்து நடப்பார். நான்கு இடங்களில் திரும்புவார். இடையே மூன்று சிறு பொருள்களை இட்டுச் செல்வார். ஒரு மணி நேரம் கழிந்த பின்னர் நாய் அத்தடத்தை மோந்து சென்று, பொருள்களைக் கண்டு காட்ட வேண்டும். இதனோடு முடிந்துவிடவில்லை. ஒரு மீட்டர் உயரமுள்ள தடையைத் தாண்டவும் வேண்டும். அதனினும் உயர்ந்த சாய்வுச் சுவரில் ஏறி இறங்கவும் வேண்டும்.

இத்துணைக் கடுமையான பயிற்சியைக் குட்டிப் பருவத்திலேயே தொடங்குதல் வழக்கம். சென்னையில் 1951-ஆம் ஆண்டில் காவல்துறையின் மோப்ப நாய்ப் படை அமைக்கப்பெற்றது. அத்தகைய படைகளிலும் இளங்குட்டிகளையே தேர்ந்து பழக்குகின்றனர். “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியை நாய்க்கும் உரியதாக்கி, ஏழு வயது நாயைக் கண்டதும் கைவிரிப்போர் பலர்.

பழமொழி முழு உண்மை அன்று. வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர், ஐந்து மாதம் முதல் பதின்மூன்று ஆண்டு வரை வயதுடைய 95 நாய்களைச் சோதித்து, 2016-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நாய்கள் தொடுதிரையில் தோன்றும் படங்களுள் சரியானதை மூக்கால் தொட வேண்டும். தொட்டால் உணவு கிடைக்கும். முதிய நாய்கள் பாடத்தைக் கற்பதற்கு இளைய நாய்களைவிட மிகுதியான முறை பயில வேண்டியிருந்தது. ஆனால், தவறென்று முன்பே அறிந்த படத்தையும் புதிய படத்தையும் ஒருங்கே காட்டியபொழுது, அறிந்ததை ஒதுக்கிப் புதியதைத் தேர்வதில் முதிய நாய்களே சிறந்து விளங்கின. ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதித்ததில், கற்றதை நினைவிற் கொள்வதில் வயது வேற்றுமை காணப்படவில்லை. முதிர்ந்த நாய் மெல்லக் கற்கும். கற்றதை எளிதில் விடாது.

கற்றதை விடாத இக்குணமே பயிற்சியாளருக்கு முதல் தடையும் ஆகிறது. வீட்டு நாய்க்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்தவை யாவை? தரையை மோவாதே, கயிற்றை இழுக்காதே, எசமானை முந்தாதே என்பவையே. தடம் பற்றும் நாயோ மூக்கைத் தரையில் ஊன்றி, கயிற்றை இழுத்து, எசமானுக்கு முன்னே பத்து மீட்டர் தொலைவில் செல்ல வேண்டும். ஆகவே, முதிர்ந்த நாய் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்க்கிறது. அது மந்தபுத்தி அன்று. நன்கு வளர்க்கப்பட்டதன் அடையாளம். அதனை அதட்டுவோர் தாம் முன்பு கற்பித்த பாடத்திற்காகவே அதனை அதட்டுகின்றனர்! அறிந்தோர் வேறொரு வழியை மேற்கொள்வர். கழுத்துப் பட்டையை நீக்கி, மார்பைச் சுற்றிய வார் ஒன்றைப் பயிற்சிக்கென்றே அணிவிப்பர். மார்புவார் பூண்டால் மோந்து செல்லலாம். கழுத்துப் பட்டை பூண்டால் பழைய ஒழுக்கம். இவ்வேறுபாட்டை நாய் சில வாரங்களில் உணர்ந்துகொள்கிறது.

இனத்தின் இயல்பையும் கருத வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்கள் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள்; தலை நிமிர்ந்தே செல்லும். அவற்றுக்குப் பொறுமை மிகுதியாக வேண்டும். ஆனால் முயற்சி வீண் அன்று. அவற்றைப் போன்றே கண்வழி வேட்டையாடும் முதோள் இனத்தைச் சேர்ந்த ரியா என்னும் எல்லைப் பாதுகாப்புப் படை நாய், 2024-ஆம் ஆண்டில் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல்துறைப் போட்டியில் தடம் அறிதலில் முதலிடம் பெற்றது.

தடம் என்பது யாது? மனிதன் அடி வைக்குமிடத்தில் புல் நசுங்குகிறது, மண் கலைகிறது, உடலினின்று நுண்ணிய தோல் துகள்கள் உதிர்கின்றன. இவை அனைத்தும் கலந்த மணமே நாய்க்குத் தடம். நடந்தவர் எத்திசையில் சென்றார் என்பதையும் அது அறியும். பயிற்சி பெற்ற நாய்கள் ஐந்து அடிச்சுவடுகளை மோந்தே திசையைத் தெளிந்தன என்று 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொடக்கத்தில் ஒவ்வொரு சுவட்டிலும் சிறு இறைச்சித் துண்டை வைப்பர். பின்னர் இரண்டு சுவடுகளுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று எனக் குறைப்பர். செங்கற்பட்டுப் பகுதியில் அறுவடை முடிந்த நெல்வயலின் ஈரத் தாளடி முதற்பாடத்திற்கு ஏற்ற இடம். கடற்கரைச் சவுக்குத் தோப்பு அடுத்த படி. காற்று வீசும் உலர்ந்த மணலில் சுவடு கண்ணுக்கு நன்கு தெரியும். மணமோ விரைவில் கலைந்துவிடும். ஆதலின் அதனை இறுதிப் பாடமாக வைப்பதே முறை.

கண்ணால் தடம் அறிவதில் இம்மாவட்டத்து இருளர் ஈடற்றவர். வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டு, முதல் இரு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றனர். அதே நிலத்தில் அவர்களுக்கு முன்னர், ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் பயிற்றிய நாய்களும் மலைப்பாம்புகளைத் தேடின. அந்நாய்கள் விரைவாகத் தேடின. எனினும் வெப்பத்தில் நெடுநேரம் உழைக்க அவற்றால் இயலவில்லை.

வெப்பமே மாமல்லபுரக் கரையிலும் பெரும்பகை. நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். கடற்காற்றின் ஈரத்தில் நாவின் நீர் எளிதில் ஆவியாவதில்லை. மேலும், வாயால் இளைக்கும் நாய் மூக்கால் மோந்து அறிவது குறையும். எனவே மார்கழி முதல் மாசி வரை, கதிரவன் எழும் முன்னர்ப் பயிற்சி நடத்துதல் நன்று. சித்திரை, வைகாசியில் நிறுத்திவிடுதல் வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியசு. அது 41-ஐக் கடந்தால் உயிருக்கே இடர் நேரும். இளைய நாயைவிட முதிய நாய் இவ்விடருக்கு விரைவில் ஆட்படுகிறது.

தாண்டுதல் இதனினும் கவலைக்குரியது. தடையைக் கடந்து இறங்கும்பொழுது உடலின் எடை முன்னங்கால்களில் மோதுகிறது. மூட்டுத் தேய்ந்த நாய் நோவை எளிதில் வெளிக்காட்டாது. எசமானின் குரலைக் கேட்டதும் மீண்டும் பாயும். அந்த ஆர்வத்தை உடல்நலம் என்று கருதிவிடுதல் கொடிய பிழை. கால்நடை மருத்துவர் இடுப்பு, முழங்கை, இதயம் ஆகியவற்றைச் சோதித்த பின்னரே தடை முன் நிறுத்த வேண்டும். சோதித்த பின்னரும் தாழ்ந்த கோலைக் கொண்டே பழக்கி, முழு உயரத்தை அரிதாகவே காட்டுவர். காலையில் எழும்போது கால் விறைத்தாலோ, படியேறத் தயங்கினாலோ அன்று பயிற்சி இல்லை.

மருத்துவர் தாண்டுதலைத் தடுத்தாலும் நாய் வெறுமனே படுத்திருக்க வேண்டுவதில்லை. தடம் பற்றுதலை மட்டும் சோதிக்கும் தேர்வுகள் தனியே உள்ளன. அவற்றில் தடம் மிக நீண்டது. வேகத்திற்கு அங்கே பரிசில்லை. மெல்ல நடந்து, ஒவ்வொரு சுவட்டையும் விடாமல் மோந்து செல்லும் நாய்க்கே மதிப்பெண் சேர்கிறது.