கைக்குழந்தையோடு கிளம்புகிறீர்களா? முதலில் பையைப் பாருங்கள்!



கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் ஒரு மாதத்திற்கு முன்பே சேலை எடுத்துவிடுகிறோம். பத்துமலைத் தைப்பூசம் என்றால் பஸ்ஸுக்கு முன்கூட்டியே பேர் கொடுத்து வைக்கிறோம். ஆனால் கைக்குழந்தையின் பையை மட்டும், வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்த பிறகுதான் தேடுகிறோம். கைக்கு அகப்பட்டதை அள்ளித் திணித்துக்கொண்டு ஓடுகிறோம். பாதி வழியில் பிள்ளை வீறிட்டு அழும்போதுதான், பால் போத்தல் இருக்கிறது, அதன் மூடி வீட்டில் இருக்கிறது என்பது தெரிய வருகிறது.

இது சின்ன விஷயந்தானே என்று நினைக்காதீர்கள். வெளியே போவது பெரும்பாடாக இருந்தால் மனம் தள்ளிப்போடச் சொல்லும். "இன்றைக்கு மழையாக இருக்கிறது, அடுத்த வாரம் போவோம்" என்று தோன்றும். அப்படித் தள்ளிப்போடும்போது முதலில் அடிபடுவது கிளினிக் தேதி. பிறந்து 2, 3, 5 மாதங்களில் போட வேண்டிய தடுப்பூசி, 9, 12 மாதங்களில் போட வேண்டிய தட்டம்மை ஊசி எல்லாம் பின்னுக்குப் போய்விடும். 1992க்குப் பிறகு நம் நாட்டில் காணாதிருந்த இளம்பிள்ளைவாதம், 2019 டிசம்பரில் சபாவில் ஒரு மூன்று மாதக் குழந்தையிடம் கண்டுபிடிக்கப்பட்டது. நாம் மறந்துவிட்டோம் என்பதற்காக நோயும் நம்மை மறந்துவிடுவதில்லை. ஆகவே, எப்போதும் தயாராக இருக்கும் ஒரு பை, தேதி தவறாமல் போடப்படும் ஊசிக்குச் சமம்.

எந்தப் பை நல்லது?

கடையில் விற்கும் விலையுயர்ந்த பைதான் வேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளையோடு ஒரு பிரம்புக் கூடையையும் விட்டுப் போவார்கள். பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள் அதில் இருக்கும். அந்தக் கூடையின் குணம் நம் பைக்கும் வேண்டும்: வாய் அகலமாக இருக்க வேண்டும், துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கியிருக்கும்போது ஒரு கை காலியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குத் தூக்கிப்போன பழைய முதுகுப்பை இதற்கு மிகவும் பொருத்தம். நன்றாகத் துவைத்து, வெயிலில் காய வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியும் பெம்பர்ஸும்

எத்தனை எடுப்பது என்பதற்கு ஓர் எளிய கணக்குச் சொல்கிறேன். வெளியே இருக்கப்போகும் மணிகளை மூன்றால் வகுத்து, வரும் விடையோடு இரண்டைக் கூட்டுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குத் திரும்பினால் ஆறு மணி நேரம். மூன்றால் வகுத்தால் இரண்டு. இரண்டைக் கூட்டினால் நான்கு பெம்பர்ஸ். பிறந்த சில வாரங்களே ஆன பிள்ளைக்கு இன்னும் இரண்டு சேர்த்து வையுங்கள். துணி கட்டுகிறவர்கள் இதைப்போல் இரு மடங்கு எடுத்துக்கொள்ளலாம். ஊக்கு குத்தினால் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

பெம்பர்ஸ் விலையைத் தாங்க முடியவில்லை என்பவர்கள் வீட்டில் துணியும் பயணத்தில் பெம்பர்ஸுமாக வைத்துக்கொண்டால் மாதச் செலவு நன்றாகக் குறையும்.

இவற்றோடு இரண்டு மாற்று உடுப்பு, விரித்துப் படுக்க வைக்க ஒரு பழைய பாத்திக் துணி, துடைக்க நனைத்துப் பிழிந்த சிறு துண்டு, அழுக்கைக் கட்டி வைக்க இரண்டு பிளாஸ்டிக் பை இருக்கட்டும். பிளாஸ்டிக் பை பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. முகத்தை மூடிவிட்டால் மூச்சு முட்டிப்போகும். அம்மாவுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வையுங்கள். கக்கல் நம் தோளில்தானே விழுகிறது!

பால்: இங்கேதான் கவனம் தேவை

தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்குப் போத்தல், பிளாஸ்க், அடுப்பு எதுவும் வேண்டாம். மேலே போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டா போதும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. நம் ஊர் வெயிலுக்கும் இது பொருந்தும்.

மாவுப்பால் கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, விடியற்காலையில் இரண்டு மூன்று போத்தல் கலக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய், மதியத்தில் கொடுப்பது. கலக்கிய பால் வெளியே இரண்டு மணி நேரந்தான் தாங்கும். அதற்குமேல் கிருமி பெருகும். மணம் மாறாது, நிறம் மாறாது. ஆனால் அன்றிரவே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிடும்.

அதனால் பாலைத் தூக்கிப் போகாதீர்கள். மாவையும் வெந்நீரையும் தனித்தனியே கொண்டுபோங்கள். ஒரு வேளைக்கு ஒரு சிறு டப்பா என்று மாவை அளந்து போட்டு வையுங்கள். கொதிக்கவைத்த நீரை நல்ல பிளாஸ்க்கில் ஊற்றி மூடுங்கள். கலக்கும்போது நீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். மாவில் இருக்கக்கூடிய கிருமியைக் கொல்வது அந்தச் சூடுதான். பிறகு போத்தலைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்தது போக மிஞ்சியதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

மாவு தீர்ந்துவிட்டது என்று காப்பிக்கடையில் டப்பாப்பால் வாங்கிக் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் சீனி. பிள்ளை வளர வேண்டிய சத்து அதில் இல்லை. 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், இனிப்பு டப்பாப்பாலைக் குழந்தை உணவாக விற்பதைக் கண்டித்து 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். தலைப்பே போதும், விளக்கம் வேண்டாம்.

ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு

வழிப்பயணத்துக்கு வாழைப்பழத்தைப் போன்ற உணவு வேறில்லை. தோலே அதற்கு மூடி. சுத்தமான கரண்டியால் மசித்து ஊட்டினால் ஆயிற்று. கஞ்சி கொண்டுபோனால் சூடாகப் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோங்கள். ஆறிய கஞ்சி சீக்கிரம் கெட்டுவிடும். அழுகையை நிறுத்த விரலில் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது நிரம்பும் வரை தேன் கூடவே கூடாது. கடலை, திராட்சைப் பழம், மிட்டாய் போன்றவை தொண்டையில் அடைக்கும்.

பத்துமலைக்குப் போகிறவர்கள் தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி கையில் தொங்கவிடாதீர்கள். 272 படியிலும் குரங்குகள் காத்திருக்கும். பையைப் பிடுங்க வரும் குரங்கு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையையும் பிறாண்டிவிடும்.

பையில் இருக்கக் கூடாதவை

பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை, அப்பாவின் தீப்பெட்டி, சில்லறைக் காசு, சிறு பேட்டரி இவற்றில் ஒன்றுகூட அந்தப் பையில் இருக்கக் கூடாது. தவழும் பிள்ளைக்குப் பை ஒரு விளையாட்டுப் பெட்டி. பவுடர் டப்பாவையும் வீட்டிலேயே விடுங்கள். முகத்தில் கொட்டும் பவுடர் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

ஆனால் கிளினிக் புத்தகம் எப்போதும் பையிலேயே இருக்கட்டும். நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வழியில் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எடை, ஊசி விவரம் எல்லாம் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். பேதி கண்ட பிள்ளைக்கு நாக்கு வறண்டு, உச்சிக்குழி உள்வாங்கி, சிறுநீர் குறைந்தால் வீடு திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது யார் வேலை?

"அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கும் தகப்பன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுத்தி, பால் கொடுத்து, தானும் கிளம்ப வேண்டியவர் உங்கள் மனைவி. பையை அடுக்குவது உங்கள் பங்காக இருக்கட்டும். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். வளைவில் வண்டியைத் திருப்ப விடாது. கைக்குழந்தைக்கு மோட்டார் சைக்கிளே ஏற்றதல்ல. பஸ்ஸில் போங்கள். காரில் போனால் குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும். 2020 ஜனவரி முதல் அது சட்டம்.

இன்னும் ஒரு பழக்கம். வீடு திரும்பிய அன்றே பையைக் கொட்டிச் சுத்தம் செய்து, தீர்ந்ததை நிரப்பி ஆணியில் மாட்டிவிடுங்கள். வேண்டிய பொருள்களின் பட்டியலை ஓர் அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளை இருந்தால் அதை வாசித்துச் சரிபார்க்கும் பொறுப்பை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். வாசிப்புக்கும் பயிற்சி, தம்பி தங்கைமேல் அக்கறைக்கும் பயிற்சி.

அடுத்த கிளினிக் தேதி என்றைக்கு? புத்தகத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். பையை இன்றிரவே அடுக்குங்கள். உங்கள் செல்வங்கள் நோய் நொடியின்றி வளர என் வாழ்த்துகள்.